ஷட்டர் அனலைக் குறைந்த செலவில் குறைப்பது எப்படி? வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொளத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தரைத்தளத்தில் ஒரு ஷட்டர் அறை இருக்கும். ஒரு வீட்டில் அது பைக்கும் காரும் நிறுத்தும் இடம், அடுத்த வீட்டில் தையல் மெஷின் ஓடும் பட்டறை, அதற்கடுத்து தண்ணீர் கேன் குடோன், சில இடங்களில் ஒரு குடும்பமே அதற்குள்தான் குடியிருக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தொல்லைதான், மத்தியானத்துக்கு மேல் அந்தத் தகரத்திலிருந்து அனல் அடிக்கும். தேடிப் பார்த்தால் வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே கேரேஜ் கதவு பெரிய பெரிய பலகைகளாக மேலே ஏறிக் கூரையோரம் படுத்துக்கொள்ளும், அவர்கள் முக்கியமாகப் பயப்படுவதும் குளிருக்கு. நம் ஷட்டர் சுருண்டு ஏறுவது, நம் தொல்லை வெயில். அதனால் அந்த வீடியோவில் செய்வதை அப்படியே இங்கே செய்தால் பாதி வேலைக்கு ஆகாது.

சூடு உண்மையிலேயே ஷட்டர் வழியாகத்தான் வருகிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

காசு செலவழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஷட்டரை மூடிவிட்டு அறை நடுவில் நின்று, உள்ளங்கையை ஷட்டர் பக்கம் காட்டுங்கள், அப்புறம் மேலே கூரைக்குக் காட்டுங்கள். எந்தப் பக்கம் கை சுடுகிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் காசு போக வேண்டும். மேலே ஆஸ்பெட்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்டிருந்தால் தொண்ணூறு சதவீதம் கூரைதான் ஜெயிக்கும், ஏனென்றால் மே மாதம் சென்னையில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கிறது, கூரையின் பரப்பும் ஷட்டரைப் போல மூன்று நான்கு மடங்கு. அப்படி இருக்கும்போது ஷட்டருக்குச் செலவழிப்பது வீண், முதலில் கூரைக்கு வெள்ளை அடியுங்கள்.

இன்னொரு அடையாளம் நேரம். தகரம் மெல்லியது, வெயில் விழுந்த சில நிமிடங்களில் சூடேறும், வெயில் இறங்கினால் அதே வேகத்தில் ஆறிவிடும். கான்கிரீட் கூரையும் செங்கல் சுவரும் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி விடுகின்றன. கான்கிரீட் கூரை போட்ட உங்கள் அறை மூன்று மணிக்குத் தாங்க முடியாமல் ஏழு மணிக்குச் சரியாகிவிடுகிறது என்றால் ஷட்டர்தான். ராத்திரி பத்து மணிக்கும் புழுங்குகிறது என்றால் அது ஷட்டர் செய்கிற வேலை இல்லை.

என் கடை பகல் முழுக்கத் திறந்திருக்கும். ஷட்டருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். மேலே சுருண்டிருக்கும் ஷட்டருக்கு என்ன ஒட்டினாலும் பயன் இல்லை. உங்களுக்கு வேண்டியது முன்னால் ஒரு மடக்குப் படுதா, ஏசி இருந்தால் பிவிசி பட்டைத் திரை. கீழே சொல்வதெல்லாம் பகலில் ஷட்டரை மூடியோ பாதி இறக்கியோ வைத்திருப்பவர்களுக்கு.

தெர்மாகோல் வாங்கி ஷட்டரின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் முடிந்ததா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், செய்தும் விடுகிறார்கள். ரோலிங் ஷட்டர் என்பது வளைந்த பட்டிகளை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி, மேலே டிரம்மில் சுருண்டுகொள்ளும். அதில் ஒரு அங்குல தெர்மாகோல் ஒட்டினால் முதல் தடவை தூக்கும்போதே உடையும். சரி, மெல்லிசாக 5 மி.மீ. ஃபோம் ஷீட் ஒட்டலாமே என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் சுருளின் விட்டம் 10 மி.மீ. கூடும், ஐந்து சுற்று சுற்றுகிற ஷட்டரில் 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். நம் ஊர் ஷட்டர்களில் மேல் பெட்டிக்குள் அவ்வளவு இடம் விட்டிருப்பது அபூர்வம். சுருள் பெட்டியில் உரசும், ஃபோம் கிழியும், கிழிந்த துண்டு, ஷட்டர் ஏறி இறங்கும் ஓரத் தடமான கைடு சேனலில் போய் மாட்டும், அப்புறம் ஷட்டர் பாதியில் நிற்கும். பட்டிக்குப் பட்டி தனித்தனியாக வெட்டி ஒட்டினாலும் மடிப்பில் தூசு சேர்ந்து இதே கதைதான். கையால் தூக்கும் ஷட்டராக இருந்தால் எடை இன்னொரு தொல்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அந்த ஷட்டரின் எடைக்கு என்று முறுக்கி வைத்திருக்கிறார்கள், எடை கூடினால் தூக்கும்போது தோள் வலிக்கும், இறக்கும்போது படாரென்று விழும். ஸ்பிரிங்கை நீங்களே முறுக்கப் போகாதீர்கள், அது கையை முறித்துவிடும், ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் நிரப்பிய பட்டிகளோடு ரெடிமேடாகவே ஷட்டர் வருகிறது. நல்ல பொருள்தான். ஆனால் சிக்கனம் என்ற பேச்சை விட்டுவிட்டுத்தான் அதை வாங்க வேண்டும்.

அப்படியானால் ரோலிங் ஷட்டருக்கு என்னதான் வழி?

தகரத்தோடு சண்டை போடாதீர்கள், தகரத்துக்கு முன்னாலும் பின்னாலும் வேலை செய்யுங்கள். முதல் வேலை, வெயில் தகரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. தொட்ட பிறகு உள்ளே என்ன வைத்தாலும் அது மிச்சத்தை நிறுத்துகிற வேலைதான். மேற்குப் பார்த்த சுவரில் தெளிந்த வெயில் நாளின் சாயங்காலம் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவுக்கு வெயில் விழும். எட்டுக்கு எட்டு அடி ஷட்டர் என்றால் 6 சதுர மீட்டர், ஆக 3500 வாட்டுக்குப் பக்கம். மூன்று இஸ்திரிப் பெட்டியை ஒரே நேரத்தில் போட்டுவிட்டு வாசலில் நிறுத்தியது போல. அது முழுவதும் உள்ளே வராது, வெளிக்காற்று பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டு போய்விடும், ஆனாலும் வருவதே போதும் போதும் என்றாகிவிடும்.

அதனால் வரிசை இப்படி: முதலில் வெளியே நிழல், அடுத்து வெள்ளைப் பெயிண்ட், அதற்கும் மேல் தேவைப்பட்டால் உள்ளே ஒரு திரை. பலருக்கு முதல் இரண்டோடே முடிந்துவிடும்.

வெளியே நிழல் என்றால் எதைக் கட்டுவது?

ஷேட் நெட் போதும். நர்சரிகளில் கட்டுகிறார்களே, அந்தப் பச்சை வலை. 50, 75, 90 சதவீதம் என்று நிழல் அளவில் விற்பார்கள், 90 வாங்குங்கள். முக்கியமான விஷயம் இடைவெளி. வலையை ஷட்டரோடு ஒட்டிக் கட்டினால் வலையின் சூடு தகரத்துக்குப் போகும், குறைந்தது ஒரு அடி தள்ளித் தொங்கவிட்டால் நடுவில் காற்று ஓடி அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும்.

அதைவிடச் சிக்கனம் பழைய ஃபிளெக்ஸ் பேனர். பிறந்தநாள், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று நம் பக்கம் பேனருக்குப் பஞ்சமே இல்லை, காயலான் கடையிலும் கிடைக்கும். பின்புற வெள்ளை வெளியே தெரிகிற மாதிரி கட்டுங்கள், நிழலும் ஆச்சு, வெயிலைத் திருப்பி அனுப்பினதும் ஆச்சு, தலைவர் முகம் உள்பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். காற்றுக்குக் கிழியாமல் இருக்க நான்கைந்து இடத்தில் ஓட்டை போட்டு விடுங்கள், கடல் பக்கக் காற்று சும்மா விடாது. மூங்கில் தட்டியும் அருமையான பொருள், சுருட்டி வைக்கலாம். ஓலைக் கீற்றை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதைப் போலக் குளிர்ச்சி வேறு எதிலும் இல்லை, ஆனால் நெருக்கமான தெருவில் ஒரு பட்டாசுப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று வடசென்னையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எதைக் கட்டினாலும் மடக்குகிற மாதிரி, கழற்றுகிற மாதிரி கட்டுங்கள். நிரந்தரமாக நடைபாதைக்கு நீட்டினால் மாநகராட்சிக்காரர் ஒருநாள் வந்து எடுத்துவிடுவார், ஐப்பசிப் புயலுக்கு நீங்களே கழற்ற வேண்டியும் வரும்.

எங்கள் ஷட்டர் மேற்குப் பார்த்தது. மேலே சன்ஷேடு இருக்கிறது, ஆனாலும் சுடுகிறதே?

திசைதான் இதில் பாதி விஷயம். மேற்கு வெயில் தாழ்வாக, நேராக முகத்தில் அடிக்கிற வெயில், தலைக்கு மேல் எவ்வளவு நீட்டினாலும் நாலு மணிக்கு மேல் அது அடியில் நுழைந்துவிடும். மேற்குக்கு வேண்டியது குடை இல்லை, திரை. நெட்டையோ தட்டியையோ செங்குத்தாக இறக்குங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலை வடக்கு தெற்காக ஓடுவதால் அதன் இருபக்கக் கடைகளில் ஒரு வரிசை கிழக்கையும் ஒரு வரிசை மேற்கையும் பார்த்திருக்கும், மேற்குப் பார்த்த வரிசைக்காரர்கள் சாயங்காலம் படுதாவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவது இதனால்தான்.

கிழக்குப் பார்த்த ஷட்டருக்குக் காலை வெயில் மட்டும்தான், போதாததற்கு மத்தியானம் கடல் காற்றும் அந்தப் பக்கம்தான் வரும், அதனால் அவர்கள் மூடி அடைப்பதைவிட அடியில் அரை அடி திறந்து வைப்பது நல்லது. தெற்குப் பார்த்ததற்கு மே மாதத்தில் நேர் வெயிலே விழாது, விழுவது ஐப்பசியிலிருந்து மாசி வரை, அப்போது நமக்கு அது பெரிய தொல்லை இல்லை. வடக்குப் பார்த்தவர்கள் எங்களுக்கு வெயிலே வராது என்பார்கள், அது முழு உண்மை இல்லை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும், காலையும் மாலையும் வடக்குச் சுவரிலும் சாய்வாக அடிக்கும். ஆனால் சின்ன மறைப்பே அதற்குப் போதும்.

வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும், கையை வைத்தால் தெரியும். நம் ஊர் ஷட்டர்கள் பெரும்பாலும் கரும்பச்சை, நீலம், காவி. இந்த அடர் நிறங்கள் மேலே விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தை விழுங்கிவிடும். புது வெள்ளை 20, 25 சதவீதம்தான் விழுங்கும். பெயிண்டே அடிக்காத பளபளப்பான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷட்டர் இன்னொரு ரகம், பார்க்க வெயிலைத் திருப்பி அனுப்புவது போல இருக்கும், ஆனால் வாங்கிய சூட்டை அது லேசில் வெளியே விடாது, அதனால் வெள்ளையடித்த தகரத்தைவிட அதிகம் சுடும்.

அடிக்கும் முறைதான் முக்கியம். பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, துரு இருக்கும் இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன் மேல் வெள்ளை எனாமல் இரண்டு மெல்லிய கோட். புது ஜிஐ தகட்டில் எனாமலை நேராக அடித்தால் துத்தநாகத்தோடு ஒத்துப்போகாமல் ஒரு வருடத்தில் செதில் செதிலாக உரியும், ஜிஐக்கென்றே விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். பட்டிகள் கோத்துக்கொள்ளும் மடிப்பில் பெயிண்ட் தேங்க விடாதீர்கள், ஷட்டர் இறுகிவிடும். அடித்த அன்றே சுருட்டவும் கூடாது, பட்டியோடு பட்டி ஒட்டிக்கொண்டு மறுநாள் பிரிக்கும்போது பெயிண்ட் கையோடு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடித்துவிட்டு திங்கள் காலை வரை இறக்கியே வைத்தால் போதும். எண்ணூர், மணலி பக்கம் தூசு அதிகம், அழுக்கேறிய வெள்ளை பாதி வேலைதான் செய்யும், அதனால் கோடைக்கு முன் ஒரு தடவையாவது சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவிவிடுங்கள்.

உள்ளே போடும் திரை எப்படி?

வெள்ளி நிற ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட் ரோலாக மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். ஷட்டரின் அகலத்துக்கும் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, மேலே ஒரு குழாயிலோ இழுத்துக் கட்டிய கம்பியிலோ வளையம் போட்டு, ஷட்டரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளித் தொங்கவிடுங்கள். உள்ளே கொலாப்சிபிள் கேட் இருந்தால் இன்னும் சுலபம், அதிலேயே கொக்கி மாட்டிவிடலாம். திரையின் அடியில் ஒரு ரீப்பர் கட்டை வைத்துச் சுருட்டித் தைத்தால் காற்றுக்கு ஆடாது.

ஒரே ஒரு நுணுக்கம். தகரத்துக்கும் திரைக்கும் நடுவில் காற்று சூடாகி மேலே ஏறும். அது சுருள் பெட்டிச் சந்து வழியாகத் தெருவுக்குப் போக வேண்டும், அறைக்குள் வரக் கூடாது. எனவே திரையின் மேல் விளிம்பை உள்பக்கம் சுவரோடு நெருக்கமாக வையுங்கள், பெட்டிச் சந்தை அடைக்காதீர்கள். ஏசி இல்லாத அறைக்கு அந்தச் சந்துதான் புகைபோக்கி.

ஃபாயிலின் பளபளப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஷட்டர் பக்கம். ஆனால் அதைவிட முக்கியம், பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஃபாயில் தடுப்பது கதிராக வரும் சூட்டை, தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது சாதாரண உலோகத் தகடுதான், சூட்டை அப்படியே கடத்தும். இரண்டு பக்கமும் ஃபாயில் இருக்கிற ஷீட் கொஞ்சம் நல்லது. தூசு படிந்தால் ஃபாயிலின் வேலை குறையும், அவ்வப்போது ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஷட்டர் இல்லை, இரட்டைக் கதவு தகர கேட். அதில் ஒட்டலாமா?

நீங்கள் கொடுத்து வைத்தவர். சுருளும் வம்பு இல்லை, தெர்மாகோல் தாராளமாக வைக்கலாம். இந்த கேட்களின் உள்பக்கம் எல் ஆங்கிள் சட்டம் இருக்கும், அதன் ஆழம் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம், ஷீட்டை வெட்டிச் செருகுவதற்கென்றே செய்தது போல இருக்கும். தெர்மாகோல் ஷீட் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் என்ற அளவில் வருகிறது, அதாவது ஒரு ஷீட் ஐந்தரை சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுக்கு எட்டு கேட்டுக்கு 12 ஷீட், வெட்டுச் சேதாரத்துக்கு இரண்டு கூட வாங்குங்கள். கட்டி ரகம் கேளுங்கள், கையில் அழுத்தினால் மணி மணியாக உதிர்கிற மலிவு ரகம் வேண்டாம்.

ஷீட்டைச் செருகிய பிறகு திறந்தபடி விடக் கூடாது. மேலே மெல்லிய பிளைவுட், பிவிசி ஷீட், கலர் பெயிண்ட் ஷீட் எதையாவது வைத்து ஆங்கிளில் ஓட்டை போட்டு ஸ்க்ரூவால் பிடித்துவிடுங்கள். அடியில் இரண்டு மூன்று சின்ன ஓட்டை, மழைத் தண்ணீர் புகுந்தால் வடிய வேண்டும்.

எத்தனை அங்குலம் வேண்டும்? இரண்டு அங்குலம் போட்டால் இரட்டிப்புப் பலனா?

இல்லை. தகரத்துக்குச் சூட்டைத் தடுக்கும் சக்தி கிட்டத்தட்ட சைபர், அதனால் முதல் அங்குலம்தான் பெரிய மாற்றம் கொண்டுவரும். கணக்குப் போட்டால், ஒரு அங்குல தெர்மாகோல் கதவு வழியாக வரும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை நிறுத்திவிடும். இரண்டாவது அங்குலம் மிச்சமிருக்கும் ஒரு பங்கில் பாதியைத்தான் நிறுத்தும். அந்தக் காசுக்குப் பெயிண்ட் வாங்குங்கள்.

காசிமேட்டில் மீன் பெட்டி தெர்மாகோல் சும்மாவே கிடைக்கிறது. அதைப் போடலாமா?

பொருள் நல்ல பொருள்தான், ஐஸ் கரையாமல் வைத்திருந்தது உங்கள் அறையையும் காப்பாற்றும். ஆனால் மணிகளுக்கு நடுவில் மீன் தண்ணீர் ஊறியிருக்கும், வெயிலில் சூடானதும் அறைக்குள் வஞ்சிரமும் சங்கராவும் வாசம் காட்டும். கழுவினாலும் முழுசாகப் போகாது. கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு வரும் பெட்டிகள் பரவாயில்லை, அதில் மீன் பாலித்தீன் பைக்குள் தண்ணீரோடு வருவதால் பெட்டி சுத்தமாக இருக்கும். டிவி, பிரிட்ஜ் வந்த பெட்டிகளுக்குள் இருப்பதும் சரி. துண்டு துண்டாக இருந்தால் சந்துகளை டேப் போட்டு அடையுங்கள்.

எந்தப் பசை?

செருப்பு ஒட்டப் போடுகிற ரப்பர் பசை வகையைத் தெர்மாகோலில் தடவாதீர்கள், அதிலிருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், தடவின இடத்தில் குழிதான் மிஞ்சும். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை தெர்மாகோலைக் கரைக்காது, ஆனால் தகரத்தில் சரியாகப் பிடிக்காது. டபுள் சைடு டேப்பும் ஸ்டிக்கர் ஃபோமும் வாங்கின புதிதில் அழகாக நிற்கும், மேற்குத் தகரம் 60 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பசை இளகி ஓரமாகத் தொங்க ஆரம்பிக்கும். பசையை நம்பாமல் ஸ்க்ரூ, பட்டை, சட்டம் என்று பிடிமானம் கொடுங்கள். தெர்மாகோலே 75, 80 டிகிரிக்குப் பக்கம் போனால் தளர ஆரம்பிக்கும் பொருள், அதனாலும் தகரத்தை முதலில் வெள்ளையாக்குவது நல்லது.

பைக், பெட்ரோல், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாம் உள்ளே நிற்கிறது. தீப்பிடிக்காதா?

கேட்க வேண்டிய கேள்வி. தெர்மாகோல் எரியும், உருகிச் சொட்டும், கரும்புகை விடும். ஃபாயில் ஃபோமும் எரியும், ஃபிளெக்ஸும் எரியும். வெல்டிங் பட்டறை, கிரைண்டர் ஓடும் இடம், கேஸ் அடுப்பு இருக்கும் இடம் என்றால் தெர்மாகோலை மறந்துவிடுங்கள், வெளியே நெட்டும் பெயிண்டும் போதும், உள்ளே கட்டாயம் வேண்டுமென்றால் தீப்பிடிக்காத கல் பஞ்சான ராக்வூல் வைத்துத் தகட்டால் மூடுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் தெர்மாகோல் வைத்தால் திறந்தபடி ஒரு அங்குலம்கூடத் தெரியக் கூடாது, தீயைத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஸ்கூட்டர் சார்ஜரைக் கதவோரம் வைக்காமல் எதிர்ச் சுவரில் வையுங்கள், வெளியே போகும் வழியில் தீ நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

எல்லாச் சந்தையும் அடைத்த அறைக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து விடுவதும், கரண்ட் போனதும் ஜெனரேட்டரை உள்ளேயே ஓட்டுவதும் உயிருக்கு ஆபத்து. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சிலிண்டர் இருந்தால் தரை மட்டத்தில் ஒரு திறப்பு வேண்டும், கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.

வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால்?

வாசனைக்கு வேண்டுமானால் கட்டுங்கள். ஈரம் காய்ந்தால்தான் குளிர்ச்சி, நம் பக்கம் கடல் காற்று வந்ததும் காற்றிலேயே ஈரம் நிறைந்துவிடும், அப்புறம் தட்டி காயாது, புழுக்கம்தான் கூடும். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்து, கடல் காற்று தாமதமாகும் கத்திரி நாட்களில் மட்டும் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் தகரத்தில் தெறித்தால் துரு இலவசம்.

அறையில் ஏசி போடப் போகிறோம். இதே முறைதானா?

கொஞ்சம் மாறும். ஏசி இல்லாத அறையில் காற்று போய்வர வேண்டும், ஏசி அறையில் காற்று ஓடவே கூடாது. ஷட்டரின் அடிப்பட்டிக்கு ரப்பர் பட்டை, இரண்டு கைடு ஓரங்களிலும் நைலான் பிரஷ் பட்டை, சுருள் பெட்டிச் சந்துக்கு ஃபோம் அடைப்பு, இவை முதலில். அப்புறம் உள்ளே திரையைவிடச் சட்டம் போட்டுக் கழற்றி மாட்டும் பலகைகள் நல்லது. இரண்டடி அகலத்தில் ரீப்பர் சட்டம் செய்து நடுவில் தெர்மாகோல், இரு பக்கமும் பிவிசி ஷீட், அப்படி நான்கைந்து பலகை செய்து வரிசையாக நிறுத்தினால் தற்காலிகச் சுவர் மாதிரி ஆகிவிடும், ஷட்டரைத் திறக்கும் நாளில் எடுத்து ஓரமாகச் சாய்த்து வைக்கலாம். இதைச் செய்யாமல் ஒரு டன்னுக்குப் பதில் ஒன்றரை டன் ஏசி வாங்குவது, கரண்ட் பில் வரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண் கலங்குவதற்கு.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும். எல்லாம் நாசமாகாதா?

2015, 2023 டிசம்பர் எல்லாம் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். ஆகையால் கண்ணாடிப் பஞ்சு, பிளைவுட், ஹார்டுபோர்டு எதுவும் கீழ் இரண்டடிக்குள் வரக் கூடாது. அந்த இரண்டடியில் பிவிசி ஷீட்டும் தெர்மாகோலும் மட்டும், அதுவும் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஸ்க்ரூவில். திரை போட்டிருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் சுருட்டி மேலே கட்டிவிட்டால் வேலை முடிந்தது, அந்த மூன்று மாதம் அதற்கு வேலையும் இல்லை.

உப்புக் காற்றில் ஷட்டர் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. உள்ளே அடைத்தால் இன்னும் மோசமாகுமா?

ஈரத்தை அடைத்து வைத்தால் ஆகும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் தகரத்தோடு ஃபாயிலை ஒட்டவே கூடாது, உப்பு ஈரம் நடுவில் வந்தால் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிப்பு வேகமாகும், இன்சுலேஷனுக்குப் பின்னால் நடக்கும் துரு ஓட்டை விழும்வரை கண்ணுக்கும் தெரியாது. இடைவெளி விடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். துரு முதலில் பிடிப்பது அடிப்பட்டியும் கைடின் கீழ் முனையும், அங்கே பிரைமரைக் கஞ்சத்தனம் இல்லாமல் அடியுங்கள்.

எலி, பெருச்சாளி?

தெர்மாகோலைத் தின்னாது, ஆனால் குடைந்து கூடு கட்டும். எறும்பும் அப்படித்தான். தரையிலிருந்து ஒரு அடிக்குத் தகடோ கம்பி வலையோ வைத்து மூடினால் போதும். ஷட்டர் தரையில் சரியாக உட்காராத பள்ளத்தைச் சிமெண்ட் போட்டு நிரப்புங்கள், பெருச்சாளி வரும் வழியும் அதுதான்.

கன்டெய்னர் லாரி சத்தம் குறையுமா?

குறையாது. சத்தத்தை நிறுத்துவது கனம், தெர்மாகோலுக்குக் கனம் இல்லை. பிளைவுட் மூடி போட்டால் தகரம் அதிர்கிற கடகடப்பு மட்டும் கொஞ்சம் அடங்கும்.

வாடகை இடம். ஓனர் எதையும் ஓட்டை போட விட மாட்டார். எதைச் செய்யலாம்?

வெளியே நெட்டும் உள்ளே திரையும் இரண்டுமே கழற்றுகிற சாமான், சன்ஷேடில் ஏற்கெனவே இருக்கும் கொக்கியிலும் ஜன்னல் கம்பியிலும் கயிறு கட்டியே நிறுத்திவிடலாம், காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பெயிண்டுக்கு மட்டும் கேட்க வேண்டும். பெயிண்ட் செலவு என்னுடையது, துருவும் தேய்த்துத் தருகிறேன் என்றால் பெரும்பாலான ஓனர்கள் மறுக்க மாட்டார்கள், நிறம்தான் வெள்ளை வேண்டாம் அழுக்காகும் என்பார்கள். அப்போது இளம் சாம்பலோ கிரீமோ ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள், வெள்ளை அளவுக்கு இல்லாவிட்டாலும் கரும்பச்சைக்கு எவ்வளவோ மேல். ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அட்வான்ஸ் திருப்பித் தரும்போது பேச்சு மாறாமல் இருக்கும்.